ஏட்டு மேல் புகார் கொடுப்பதா, வேண்டாமா என்று தவித்த 2 மாதம்

என் ஸ்கூட்டி திருடு போனதில் ஆரம்பித்தது இது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். அப்புறம் போடலாம் என்று சொல்லி அன்றைக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும் கொடுத்தார்கள். அந்த ரசீதின் ஓரத்தில் ஏட்டு ஒருவர் தன் செல் நம்பரை நீல மையில் எழுதி, "எதுவா இருந்தாலும் நேரா எனக்கே கூப்பிடுங்க மேடம்" என்றார். உதவி செய்கிற மனுஷர் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

முதல் வாரம் வண்டியைப் பற்றித்தான் பேசினார். அப்புறம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் வர ஆரம்பித்தது. "சாப்டாச்சா?" "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" மேடம் என்ற சொல் போய், வாங்க போங்க போய், வா போ என்று வந்து நின்றது. வாட்ஸப்பில் இருந்த என் படத்தைப் பார்த்துவிட்டுப் புடவையைப் பற்றி ஒரு செய்தி அனுப்பினார். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, "ஒரு கையெழுத்து வேணும், தனியா வா" என்றார்.

வேறு ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அதே ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பேன். இவரிடம் என் ஆதார் நகல் இருக்கிறது. வீட்டு விலாசம், ஆபீஸ் விலாசம், அப்பா பெயர் எல்லாம் என் கையாலேயே எழுதிக் கொடுத்தவை. அதோடு இன்ஷூரன்ஸ் பணம் வர வேண்டுமென்றால், வண்டி கிடைக்கவில்லை என்று அதே ஸ்டேஷன்தான் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அருவருப்பில் முதலில் வந்த செய்திகளை எல்லாம் அழித்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பார்க்கப் பிடிக்காவிட்டால் போனை அண்ணனிடமோ தோழியிடமோ கொடுத்து வையுங்கள்.

அம்மா, "வண்டி போனாப் போகுதுடி, போலீஸ்காரனோட பகை நமக்கு எதுக்கு?" என்றாள். அண்ணன் நேராக ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினான். கையைப் பிடித்து நிறுத்தினோம். உள்ளே போய்ச் சத்தம் போட்டால், பணி செய்யவிடாமல் தடுத்ததாக அவன் மேலேயே வழக்கு வந்துவிடும்.

அந்த நாட்களில் 2021இல் நடந்தது அடிக்கடி நினைவுக்கு வரும். சிறப்பு டிஜிபி பதவியில் இருந்தவர் மேல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். அவர் காரையே வழியில் செங்கல்பட்டு சுங்கச்சாவடியில் மறித்தார்கள். ஐ.பி.எஸ். அதிகாரிக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த வழக்கில் 3 வருஷம் தண்டனை கொடுத்தது. அதுவும் நினைவுக்கு வரும். ராத்திரி படுத்தால் இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

கடைசியில் கோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100க்கு போன் செய்யலாம். எனக்குக் கிடைத்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது இதுதான்: "வேண்டாம்னு எழுத்துல சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. போனை எடுக்காமல் விட்டதே பதில் என்று நினைத்திருந்தேன். பின்தொடர்ந்து தொந்தரவு செய்வது பற்றிய பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம்) 78ஆம் பிரிவில், பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்ள முயல்வதுதான் குற்றம் என்று இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். "வண்டி சம்பந்தமான தகவல் இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். வேறு எதற்காகவும் என்னை அழைக்க வேண்டாம்." அனுப்பும்போது கை நடுங்கியது. இரண்டு நீல டிக் வந்தது. அன்றைக்கு ராத்திரியே ஏட்டு மூன்று முறை கூப்பிட்டார். அந்த மூன்று அழைப்பும்தான் அப்புறம் என் மனுவின் முதல் பத்தி.

வக்கீல் அம்மா சொன்ன இன்னும் சில விஷயங்கள் எனக்குப் புதிது. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, அவள் இருக்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அந்த போனை விற்காமல் வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். அப்புறம், அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசு அனுமதி வேண்டும் என்பார்களே, இந்த மாதிரிக் குற்றங்களுக்கு அது தேவையில்லை. இந்த ஒன்றைக் கேட்டதும்தான் எனக்குத் தைரியமே வந்தது.

புதன்கிழமை மனு நாளில் எஸ்.பி. ஆபீஸ் போய் நேரில் கொடுத்தேன். அதே மனுவைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கினார், மரியாதையாகவே பேசினார். "எஃப்.ஐ.ஆர். வேணுமா, துறை விசாரணை போதுமாம்மா?" என்று கேட்டார். நான் துறை விசாரணை போதும் என்றேன். அது சரியான முடிவுதானா என்று இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வாரத்தில் அந்த ஏட்டை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள்.

மனு கொடுத்ததைவிட கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். ஒரு பெண், கையில் நாலு வயசுக் குழந்தை. அந்த ஏட்டின் மனைவி. "அக்கா, அவருக்கு வேலை போயிடும். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கக்கா" என்று மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். புகாரை வாபஸ் வாங்குவதாக ஏற்கெனவே டைப் செய்த தாள். குழந்தை என் செருப்பை எடுத்து மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. என் விலாசம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தேன். மறுநாளே வக்கீலிடம் சொல்லி, வீடு தேடி வந்ததையும் எழுத்தில் கொடுத்தேன்.

*

உங்கள் பதிவைப் படித்தேன் அக்கா. என் விஷயம் வேறு மாதிரி. வாகனச் சோதனையில் எஸ்.ஐ. ஒருவர் கன்னத்தில் அறைந்தார், ஆர்.சி.யைத் தரையில் விட்டெறிந்தார். ஹெல்மெட், லைசென்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ஏன் சார் கை வைக்கிறீங்க?" என்று கேட்டது மட்டும்தான் தப்பு. தங்கச்சி கல்யாணம் நெருங்கியிருந்தது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணம் முடிந்து, ஆடி முடிந்து, தீபாவளி முடிந்து, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு போட்டபோது 14 மாதம் ஆகியிருந்தது. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் வந்தால்தான் விசாரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தாவது எழுதியிருப்பேன். அங்கே போனால் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக்கூடப் பரிந்துரைக்கிறார்கள். புகார் கொடுப்பதா என்று முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டி ஓ.பி. சீட்டாவது வாங்கி வையுங்கள். என்னிடம் அதுவும் இல்லை.

*

நான் புகார் கொடுக்கவில்லை. அதையும் இங்கே ஒருத்தி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் அடுத்த வாரமும் வந்தார், அதற்கு அடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்பார். நானும் பத்தாவது படிக்கிற மகளும் மட்டும் வாடகை வீட்டில் இருக்கிறோம். ராத்திரி பைக் சத்தம் கேட்டாலே அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த நிலைமையில் மனு, விசாரணை என்று அலைய என்னால் முடியவில்லை. வீட்டை மாற்றினேன். கோழை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் வந்த தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆள் பற்றி வேறு ஒரு பெண் என்றைக்காவது வாய் திறந்தால், அந்த நோட்டோடு போவேன். அக்கா, துறை விசாரணை என்ன ஆனது? உங்களை நேரில் கூப்பிட்டார்களா?

*

கூப்பிட்டார்கள் தங்கச்சி. போலீஸ் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(பி) விதியில் அந்த ஏட்டுக்கு சார்ஜ் கொடுத்து விசாரித்தார்கள். அதில் நான்தான் முக்கிய சாட்சி. அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், என்னை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் யாராவது போவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். "நீங்கதானே முதல்ல போன் பண்ணீங்க?" என்று கேட்டார். ஆமாம், வண்டிக்காக என்றேன். அந்த சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டினேன், ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்த நம்பரையும் காட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை, ஸ்கூட்டியும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அம்மாதான் கூட வந்தாள். மூன்று மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்ததும் ரசீதை வாங்கி நாலாய் மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். இப்போதும் அது அவளிடம்தான் இருக்கிறது.