அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டாம்! எப்படிப் புரியவைப்பது?

பழைய சர்வேயர்:
வணக்கம். முப்பத்துநான்கு ஆண்டுகள் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான். ஏக்கர், சென்ட், ஹெக்டேர் எல்லாம் விரல் நுனியில். ஓய்வுக்குப் பிறகு மாலை வேளையில் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்குத் திண்ணையில் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

தொடங்கிய காரணத்தை ஒளிக்கவில்லை. பேத்தியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் கூட்டத் தெரியவில்லை, என்னதான் நடத்துகிறீர்கள்?" என்று கணக்கு டீச்சரிடம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் வாதாடவில்லை. "வீட்டில் நீங்களும் முயன்று பாருங்கள் ஐயா" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் ஆகிறது. 1/2 + 1/3 கேட்டால் பேத்தி இன்றும் 2/5 என்றே எழுதுகிறாள். மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு; அவள் கணக்கு அவ்வளவுதான். மீ.சி.ம. (இரண்டு எண்ணுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு) எடுத்துப் பகுதியைச் சமமாக்கு என்றால் அன்றைக்குச் சரியாகப் போடுகிறாள். விடிந்தால் மறுபடி ஐந்தில் இரண்டு. வாழைப்பழத்தை வெட்டியும் காட்டினேன். துண்டுகளைத் தம்பி தின்றுவிட்டான், பின்னம் அப்படியே நிற்கிறது. எனக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருப்பது அவளிடம் ஏன் போய்ச் சேரவில்லை?

நடுநிலைப்பள்ளி டீச்சர்:
ஐயா, அவள் போட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு பந்து வீசி ஒரு விக்கெட், அடுத்த மூன்று பந்தில் ஒரு விக்கெட். மொத்தம் ஐந்து பந்தில் இரண்டு. அந்தக் கணக்குக்கு அவள் விடை சரிதானே? எந்த முழுமையில் பாதி, எந்த முழுமையில் மூன்றில் ஒன்று என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. நீங்கள் அரைக்கு ஒரு பழமும் மூன்றில் ஒன்றுக்கு வேறொரு பழமும் வெட்டியிருந்தால், குழப்பத்துக்கு நீங்களே உரம் போட்டிருக்கிறீர்கள்.

2/5 பெரிதா, 1/2 பெரிதா என்று அவளையே கேளுங்கள். அரையோடு ஒன்றைச் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். எனக்கு வாய்க்காதது அந்தக் காத்திருப்புதான். 38 பிள்ளைகள், 40 நிமிடம். ஒருவனிடம் தொள்ளாயிரத்து ஐந்து எழுதச் சொன்னால் 9005 என்று எழுதுவான். காதில் விழுவது ஆயிரம் ஆயிற்றே! தொண்ணூறிலும் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டு சொற்களோடு மட்டும் ஆண்டுக்கு இரண்டு வாரம் மல்லுக்கட்டுகிறேன். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவளோ பாடப்புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கிறாள். இதில் யாருக்கு நடத்துவது? இடையில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம் வேறு.

கூட்டத்தில் வாதாடாமல் விட்ட அந்த டீச்சர் பொறுமைசாலி. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

பத்தாம் வகுப்பு வாத்தியார்:
ஆறில் நின்றுபோன பின்னம் பத்தில் என்னிடம் வந்து சேர்கிறது சார். பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. ஆக 30. தேர்ச்சிக்கு 35. அரையாண்டு முடிந்ததும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நான் கணக்கு நடத்துவதில்லை, காம்பஸ் பிடித்துத் தொடுகோடு வரையப் பழக்குகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. போன ஆண்டு அப்படி வரைந்துகொண்டிருந்த ஒரு பையன், "தொடுகோடு ஏன் சார் எப்போதும் ஆரத்துக்குச் செங்குத்தாகவே வருகிறது?" என்று கேட்டான். "முதலில் வரை, பிறகு சொல்கிறேன்" என்றேன். தேறிப் போய்விட்டான். நான் இன்னும் சொல்லவில்லை.

மளிகைக்கடைக்காரர்:
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் படித்தபோது நாலணா சட்டைப்பையில் கிடந்தது. நாலு நாலணா சேர்ந்தால் ஒரு ரூபாய். கால் என்றால் என்னவென்று யாரும் நடத்தவில்லை. 25 காசு 2011லேயே செல்லாமல் போய்விட்டது. இப்போது கடைக்கு வரும் பிள்ளை கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்திவிட்டுப் போகிறது, மீதிச் சில்லறை எண்ணும் வேலையே இல்லை. கையில் இல்லாததைக் கரும்பலகையில் காட்டச் சொன்னால் டீச்சர் என்ன செய்வார்?

பழைய சர்வேயர்:
டீச்சர் சொன்னது அப்படியே உண்மை. இரண்டு பழம்தான் வெட்டினேன். ஒன்று ரஸ்தாளி, இன்னொன்று நேந்திரம்!

நேற்று எனக்குத் தெரிந்த வழியில் போனேன். திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புலப்படம் வரைந்தேன். ஒரே நிலம், 60 சென்ட். அண்ணனுக்குப் பாதி, தங்கைக்கு மூன்றில் ஒன்று. 30 சென்ட், 20 சென்ட் என்று அவளே பிரித்தாள். இரண்டும் சேர்ந்து 50. "உன் ஐந்தில் இரண்டு எத்தனை சென்ட்?" என்று கேட்டுவிட்டு, டீச்சர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அதுதான் பெரும்பாடாக இருந்தது. விரலை மடக்கி மடக்கி 24 என்றாள். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "அண்ணன் பங்கே 30 ஆயிற்றே தாத்தா" என்று சொல்லி, 2/5ஐப் பாவாடை நுனியால் அழித்தாள்.

அதோடு விடவில்லை. "நிலம் 50 சென்ட் என்றால்?" என்றாள். போட்டுப் பார்த்தோம். பாதி ஒழுங்காக வந்தது, மூன்றில் ஒன்று 16 சென்டைத் தாண்டி இழுத்தது. பிறகு 30, 18, 12 என்று இரண்டுக்கும் மூன்றுக்கும் மிச்சமில்லாமல் பிரிகிற நிலங்களைத் தேடிக்கொண்டே இறங்கினாள். கடைசியில், "ஆறு சென்டே போதும் தாத்தா" என்றாள். மீ.சி.ம. என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

ஒரு பிள்ளை, ஒரு கணக்கு, ஒன்றேகால் மணி நேரம். மற்ற ஆறு பேரும் அதற்குள் பம்பரம் விடப் போய்விட்டார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கும் நானே போகிறேன் என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த டீச்சரிடம் பேச வேண்டியது இருக்கிறது.

அதற்குள் இன்னொரு சந்தேகம் டீச்சர். 1/2ஐ 1/3ஆல் வகுத்தால் ஒன்றரை வருகிறது. வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று இன்று காலையில் கேட்டுவிட்டாள். இதற்கு எந்த நிலத்தை அளந்து காட்டுவது?