கீமோவுக்கு முன் தம்பி மகனிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி மகனுக்கு 19 வயது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் மதுரையில் முதல் கீமோ.

முடி கொட்டும், வாந்தி வரும் என்றெல்லாம் விளக்கினார்கள். பிற்காலத்தில் குழந்தை பிறப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாகத்தான் கேட்டேன். சைக்ளோபாஸ்பமைடு போன்ற சில மருந்துகள் விந்தணு உற்பத்தியைப் பாதிக்கலாம், அதனால் முதல் ஊசிக்கு முன்பே விந்துவைச் சேமிப்பது நல்லது என்றார்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் பல ஆண்டுகள் வைக்கலாமாம். பெண் பிள்ளைகளுக்குக் கருமுட்டை எடுக்கச் சுமார் 2 வாரம் ஆகும். இவனுக்கு ஓரிரு நாள் போதும். அந்த ஓரிரு நாள்தான் இப்போது கையில் இருக்கிறது.

ஆனால் யார் பேசுவது? அப்பத்தா பட்டாலையை (வீட்டுக் கூடத்தை) விட்டு நகர மாட்டார்கள், வளவில் (உள்முற்றத்தில்) எப்போதும் ஆள். தம்பி "முதல்ல உயிர் பிழைக்கட்டும்" என்கிறான். அவன் பயம் புரிகிறது. ஆனாலும் முடிவு பையனுடையது, அவனிடம் யாரும் கேட்கவில்லை. அத்தை நான் கேட்டால் கூச்சப்படுவானோ? சிகிச்சை நடக்கும்போது ஆணுறை கட்டாயம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே.

இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிப் பேச்சைத் தொடங்கினீர்கள்? மதுரையிலோ திருச்சியிலோ விந்து சேமிப்பு வசதி எங்கே, ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? அவனோடு தனியாகப் பேசக்கூடிய ஆண் ஆலோசகர் யாராவது தெரியுமா? தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.