நைஜீரிய ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர் ஓக்பெச்சே ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைப் பகிருங்கள்

பெரியமேடு கேலரி:

2018 ஆயுத பூஜை அன்று நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. முந்தைய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசன் சாம்பியன் நாம், சென்னையின் எஃப்.சி. எதிரே நார்த் ஈஸ்ட் யுனைடெட். நாலாவது நிமிடத்திலேயே அவர்கள் ஆள் மேல் பட்டு ஒரு சேம்சைடு கோல். பதினைந்தாவது நிமிடத்தில் தோய் சிங் இன்னொன்று. 2-0. கேலரியே ஆடிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் ஓக்பெச்சே மட்டும் பந்து எங்கேயோ இருக்க, தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். முப்பத்து நாலு வயசாம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் எழுந்து நின்று, "பெருசு, மூச்சு வாங்குதா? வந்து உட்காரு!" என்று கத்தினேன். முன்வரிசையில் இருந்த எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவனும் "பெருசு, பெருசு" என்று கத்த ஆரம்பித்தான்.

29, 37, 39வது நிமிடங்களில் அவர் கோல். பத்து நிமிடத்தில் ஹாட்ரிக். நடுவில் நாம் ஒன்று போட்டதெல்லாம் எடுபடவில்லை. கடைசியில் 3-4.

மூன்றாவது கோல் விழுந்ததும் அந்தப் பையன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். ஒரு மனிதனை வயசைச் சொல்லிக் கேலி செய்யலாம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த மூன்று கோலையும்விட அந்த முகம்தான் இன்றும் ஞாபகத்தில் நிற்கிறது.

பழைய ரசிகன் 1986:

தம்பி, நீங்கள் மனசைத் திறந்து எழுதியது நல்ல விஷயம். ஆனால் அன்று பக்கத்தில் உட்கார்ந்து வயசைச் சொன்ன ஆள், மற்றதையும் சொல்லியிருக்க வேண்டும்.

2002 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் உலகக் கோப்பை, அர்ஜென்டினாவுக்கு எதிராக நைஜீரியா. வீட்டில் எல்லோரும் அர்ஜென்டினா ஸ்ட்ரைக்கர் பாடிஸ்டுடாவைப் பார்க்க உட்கார்ந்திருந்தோம். அவரும் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், 1-0. நான் பார்த்துக்கொண்டிருந்தது நைஜீரியாவின் ஒல்லிப் பையன் ஒருவனை. பதினேழே வயது! அந்த வயதில் என் மகன் பிளஸ் டூ டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பையன் அப்போது பிரான்சின் பி.எஸ்.ஜி. கிளப்பில் ரொனால்டினோவோடும் ஒகோச்சாவோடும் பயிற்சி செய்தவன்.

அப்புறம் என் கண்ணில் படவே இல்லை. பதினாறு வருஷம் கழித்து ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் வர்ணனையாளர் ஓக்பெச்சே என்று அதே பெயரைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடையில் எங்கெங்கே இருந்தார் என்று தேடிப் பார்த்தேன். பாஸ்தியா, மெட்ஸ், அபுதாபி, ஸ்பெயினில் அலவேஸ், வல்லடோலிட், காடிஸ், கிரீஸில் கவாலா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, நெதர்லாந்தில் காம்பூர், வில்லெம் ட்வே. ஒவ்வொரு ஊரிலும் புதுப் பாஷை, புது வீடு, புதுக் கோச்சிடம் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிய கட்டாயம். பெரிய பணத்துக்கு விற்கப்படும் நாலு பேரைத்தான் பேப்பரில் பார்க்கிறோம். ஆப்பிரிக்காவிலிருந்து பதினாறு வயதில் கிளம்பும் ஸ்ட்ரைக்கர்களில் பெரும்பாலானோர் வாழ்க்கை இப்படி ஊர் ஊராகத்தான் ஓடுகிறது. களத்தில் அவர் நடந்ததன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

கோவை எக்ஸ்பிரஸ்:

நான் பார்த்தது கொச்சியில், 2020 பிப்ரவரி 1, அவர் கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டனாக நமக்கு எதிராக ஆடியபோது. கோவையிலிருந்து மூன்று பேர் ரயிலில் போனோம். டிக்கெட் அவர்களுடைய மஞ்சள் கேலரியில்தான் கிடைத்தது. சென்னையின் ஜெர்சியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இடைவேளையில் 3-0, நாம் முன்னிலை. வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இடைவேளை முடிந்து மூன்றே நிமிடத்தில் ஓக்பெச்சே ஒன்று போட்டார். நடுவில் நாமும் ஒன்று போட்டோம். அவர் பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. 4-3 ஆனபோது சுற்றிலும் எழுந்த சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது, கையில் இருந்த டீ கிளாஸ் நடுங்கியது. அப்புறம் நாம் இரண்டு போட்டு 6-3 என்று முடித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் இருந்த மலையாளி அண்ணன், எங்களைக் கண்டுபிடித்துவிட்டார் போல, தோளில் தட்டி, "ஹாட்ரிக் அடிச்சும் தோத்த கேப்டனைப் பார்த்துட்டுப் போங்க" என்றார். தன் வேலையை முழுசாகச் செய்துவிட்டுத் தோற்றவரைப் பார்த்துக் கைதட்டவா, என் டீம் ஜெயித்ததற்குக் குதிக்கவா? அன்று இரண்டையும் செய்யாமல் வந்துவிட்டேன். கைதட்டியிருக்கலாம்.

நெரிஜஸ் ஃபேன்:

கோவை ப்ரோ, அந்த சீசனில் நம்ம வால்ஸ்கிஸ், ராய் கிருஷ்ணா, ஓக்பெச்சே மூன்று பேரும் 15 கோல். அதிக கோல் போட்டவருக்கான கோல்டன் பூட் வால்ஸ்கிஸுக்குத்தான் கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும். ஃபைனலுக்கே வராத டீமில் இருந்துகொண்டு கோல் போடுவது வேறு, ஃபைனலில் போடுவது வேறு.

பழைய ரசிகன் 1986:

இதை ஏற்க மாட்டேன். மறு சீசனில் ஓக்பெச்சே ஆடிய மும்பைக்குக் கோப்பை கிடைத்தது எப்படி? ஃபைனலின் 90வது நிமிடத்தில் கீப்பர் தடுமாறியதும் பந்தைப் பிடித்து, தானே அடிக்காமல் பிபின் சிங்குக்குத் தள்ளிவிட்டது யார்? அதற்கு அடுத்த வருஷம் ஹைதராபாத்தில் 18 கோல், கோல்டன் பூட், கோப்பை மூன்றும். அப்போது வயது முப்பத்தேழு.

அகாடமி அப்பா:

நாங்கள் ஹைதராபாத் கச்சிபௌலியில் பார்த்தோம், 2022-23 சீசன். மகனுக்குப் பத்து வயது, ஸ்கூல் டீமில் ஸ்ட்ரைக்கர். "பந்தைப் பார்க்காதே, அவரை மட்டும் பார்" என்றேன். பாதி ஆட்டத்தில் அவன் சொன்னான்: "அப்பா, அவர் எப்பவும் பின்னாடியே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்." அதுதான் விஷயம்.

பையன்களை ஃபார்வர்டாக ஆட விடும் பெற்றோருக்குச் சில வார்த்தை. ஸ்ட்ரைக்கர் என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேலரியிலிருந்து கத்தாதீர்கள். டிஃபெண்டரின் கண்ணுக்குப் படாத பக்கம், அவர் தோளுக்குப் பின்னால் நிற்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பந்து வருவதற்கு முன்பே கோல் போஸ்ட் எங்கே, கீப்பர் எங்கே என்று பார்த்துவிட வேண்டும். வந்த பிறகு பார்த்தால் நேரம் போய்விடும். இரண்டு காலிலும் அடிக்கப் பழக்குங்கள், சுவரில் தினம் அரை மணி நேரம் போதும். பன்னிரண்டு வயது வரை ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் மிட்ஃபீல்டிலும் ஆட விடுங்கள். தூக்கம் ரொம்ப முக்கியம், போனை வாங்கி வையுங்கள். ஒரு மேட்சில் கோல் போடவில்லை என்று காரில் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, வெளிநாட்டில் ட்ரையல் என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கிளப்பிலிருந்து கடிதம் வந்தால் அந்த கிளப்பையே நேரடியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கூடலூர்க்காரன்:

அண்ணா கடைசியில் சொன்ன விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஓக்பெச்சேவை நேரில் பார்த்ததில்லை.

எங்கள் ஊரிலிருந்து நாடுகாணி இறங்கினால் மலப்புறம். சீசனில் செவன்ஸ், அதாவது ஏழு பேர் டீம் ஃபுட்பால், பார்க்கப் போவது பழக்கம். அங்கே எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் ஆப்பிரிக்கர் என்றால் "சுடானி"தான். 2020 மார்ச் தொடக்கத்தில் ஒரு ராத்திரி ஆட்டம். கானாக்காரர் ஒருவர் இரண்டு கோல் போட்டார், பிறகு கணுக்கால் மடங்கி வெளியே வந்தார். டாக்டர் யாரும் இல்லை. மீன் வியாபாரி ஒருவர் தன் தெர்மாகோல் பெட்டியைத் திறந்துவிட, அவர் அந்த ஐஸுக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐஸில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கால் வீங்கி பூட்ஸ் கழலவில்லை. நான் குனிந்து லேஸை அவிழ்த்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "நீங்களும் ஓக்பெச்சே மாதிரி ஐ.எஸ்.எல். வருவீர்களா?" என்று கேட்டேன். உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் கேட்டேன். ஐ.எஸ்.எல். ட்ரையல் என்று சொல்லித்தான் ஏஜென்ட் கூட்டி வந்தானாம். ட்ரையலே நடக்கவில்லை. அம்மா நிலத்தை விற்றுக் கொடுத்த பணமாம். நம்பர் வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் லாக்டவுன் வந்துவிட்டது. விமானமும் இல்லை, ஆட்டமும் இல்லை. இரண்டு முறை பேசினோம், அரிசி இருக்கிறது என்றார். மூன்றாவது முறை போன் போகவில்லை.

பெரியமேடு கேலரி:

தம்பி, அதற்குப் பிறகு முயற்சி செய்தீர்களா?

கூடலூர்க்காரன்:

அடிக்கடி வாட்ஸாப்பில் பார்ப்பேன் அண்ணா. ரொம்ப நாள் டி.பி.யில் அந்தச் செவன்ஸ் ஜெர்சி படம்தான் இருந்தது. போன மாதம் மாறியிருந்தது. ஒரு சின்னக் குழந்தை, தன் காலைவிடப் பெரிய ஃபுட்பால் பூட்ஸுக்குள் நின்றுகொண்டிருக்கிறது. அவருடைய குழந்தையா, நம்பர் வேறு யாருக்காவது போய்விட்டதா தெரியவில்லை. "கால் எப்படி இருக்கிறது?" என்று அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரு டிக்தான் இருக்கிறது.