பெட்ரோல் காசு சம்பளமா?

அஞ்செட்டி அக்கா:
போன வாரம், அரூரில் தொண்டு நிறுவனம் நடத்தும் செயலாளர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தொண்டு நிறுவனங்களில் வேலை கொட்டிக் கிடக்கிறது. களப்பணியாளருக்கு எடுத்த எடுப்பிலேயே பெட்ரோலோடு சேர்த்து 18,000 சம்பளம். நம் பிள்ளைகளுக்குத்தான் சேவை மனப்பான்மை இல்லை, ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள்." இதுதான் அவர் எழுதியது. மற்றதை விடுங்கள். அந்தப் 'பெட்ரோலோடு சேர்த்து' என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் 11 வருஷம் களப்பணியில் இருந்தவள். வண்டி என் சொந்த எக்ஸ்எல் மொபெட். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 24 நாள். மொத்தம் 1,440 கிலோமீட்டர். மலை ஏறி இறங்கும் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் பெரிசு. 32 லிட்டர் ஆகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 3,200. இவர் சொல்கிற 18,000-இல் பெட்ரோலுக்கு 3,000. மாதம் 200 ரூபாய் கைக்காசு போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். ஆயில், பஞ்சர், டயர் எல்லாம் தனி.

அது வண்டி குடிக்கிற காசு. பெட்ரோல் காசு சம்பளம் இல்லை.

அரூர் செயலாளர்:
சகோதரிக்கு வணக்கம். என்னைப் பெயர் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள், சந்தோஷம். நான் 1998-இல் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் வைத்து ஆரம்பித்தவன். நிதி வராத மாதங்களில் வீட்டம்மா நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்டிருக்கிறேன். நிறுவனம் நடத்துவதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

2020-இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம். இப்போது 20 சதவீதம்தான். பெரிய நிறுவனம் வாங்குகிற வெளிநாட்டுப் பணத்தில் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை. எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரே நின்றுபோனது. இதற்கு நடுவில் 18,000 கொடுக்கிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அஞ்செட்டி அக்கா:
கும்பிடுகிறேன் ஐயா. அந்த 18,000-இல் இருக்கிற பெட்ரோல் காசு சம்பளமா? கேட்டது அது ஒன்றுதான்.

பாலக்கோடு தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணிப் பட்டம்) முடித்திருக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன். முதலில் எதைத் தொண்டு நிறுவன வேலை என்கிறோம்? சங்கமாகப் பதிந்ததா, டிரஸ்டா? மிஷன் மருத்துவமனை சேருமா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டரில் இருப்பவர்கள் சேருவார்களா? இதைப் பிரித்துக்கொண்டால் பேசுவது சுலபம்.

மாங்கனி ஊர்:
வேலை இல்லை என்று யார் சொன்னது? மகளிர் குழுக்களை வைத்து கிருஷ்ணகிரியில் ஐ.வி.டி.பி. தொண்டு நிறுவனம் செய்ததை உலகமே பார்த்தது. 2012-இல் அதன் நிறுவனர் குழந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சி என்றால் கிருஷ்ணகிரிதான். தர்மபுரிக்காரர்கள் நிதி இல்லை என்று அழுகிறார்கள். நாங்கள் செய்து காட்டினோம்.

தர்மபுரி மண்:
அழுகிறோமா? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டமே 1989-இல் ஐ.எஃப்.ஏ.டி. (சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியம்) உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் எங்கே இருந்தது? எங்களிடமிருந்து நீங்கள் பிரிந்ததே 2004 பிப்ரவரியில்தான். அப்புறம், எங்கள் மாவட்டத்து மலைக்கிராமம் சிட்லிங்கியை மறந்துவிட்டீர்களே. 1993-இல் இரண்டு டாக்டர்கள் வந்து, ஓலைக் குடிசையில் வைத்தியம் ஆரம்பித்து, அந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரவில்லை. உள்ளூரில் வேலை உண்டாக்குவது என்றால் அது.

மாங்கனி ஊர்:
1989-இல் கிருஷ்ணகிரியும் சேர்ந்ததுதானே தர்மபுரி மாவட்டம். பங்கு கேட்டால் கோபம் வருகிறது.

அஞ்செட்டி அக்கா:
இரண்டு பேரும் எல்லைக் கல் நட்டு முடித்துவிட்டால் சொல்லுங்கள். செயலாளர் ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்ரோல் காசு சம்பளமா, இல்லையா?

அரூர் செயலாளர்:
கையில் வருவது சம்பளம். 18,000 கையில் வருகிறது. கணக்கு அவ்வளவுதான். அரசு ஊழியருக்குப் பயணப்படி இல்லையா?

ஓசூர் எச்.ஆர்.:
நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் சொல்கிறேன். அரசு ஊழியர் பயணப்படியை யாரும் சம்பளம் என்று விளம்பரம் செய்வதில்லை சார். இன்னொன்று, 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கிற படியைத் தனிப்பெயர் வைத்து அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஒதுக்க முடியாது, அதற்கும் சேர்த்துத்தான் பி.எஃப். கணக்கிட வேண்டும் என்றது. பில்லைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற செலவு வேறு. உங்கள் 3,000 இதில் எது?

அஞ்செட்டி அக்கா:
நன்றி தம்பி. 11 வருஷமாக என் வாயில் வராத வார்த்தையைச் சொல்லிவிட்டீர்கள். இனி நான் இதையேதான் கேட்பேன். சம்பளம் என்றால் அதற்கும் பி.எஃப். பிடியுங்கள். பெட்ரோல் என்றால் சம்பளத்தில் சேர்க்காதீர்கள். ஒரே 3,000, விளம்பரம் போடும்போது சம்பளம், பி.எஃப். கட்டும்போது பெட்ரோல் என்று இரண்டு வேஷம் போடக் கூடாது.

அரூர் செயலாளர்:
பி.எஃப். சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். என்னிடம் 14 பேர்தான். சட்டம் எனக்கும் தெரியும்.

அஞ்செட்டி அக்கா:
போன வாரப் பதிவில் "26 பேருக்கு வேலை கொடுத்திருக்கிறேன்" என்று எழுதினீர்களே ஐயா. ஒரு வாரத்தில் 12 பேர் எங்கே போனார்கள்?

அரூர் செயலாளர்:
12 பேர் தன்னார்வலர்கள். அவர்களுக்கு மதிப்பூதியம்தான். இதைக்கூடக் குறையாகப் பேசினால் நான் என்ன செய்வது.

ஓசூர் எச்.ஆர்.:
மதிப்பூதியம் என்று பெயர் வைத்தால் பொறுப்பு போய்விடாது சார். அங்கன்வாடி ஊழியர்களுக்கும் பல வருஷம் அதையேதான் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது.

சூளகிரி தன்னார்வலர்:
இந்தப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. ஆரம்பத்தில் 4,500 ரூபாய், ஊக்கத்தொகை என்ற பெயரில். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறேன், சுகர் பார்க்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன். ஒரு பாட்டி என் பையைப் பார்த்ததுமே கையை நீட்டி உட்கார்ந்துவிடும். நான் ஒரு வாரம் போகவில்லை என்றால் "எங்கே கண்ணு போயிட்ட" என்று கேட்கும். எங்களையும் வேலை பார்க்கிறவர்கள் கணக்கில் சேர்ப்பீர்களா?

மாங்கனி ஊர்:
பார்த்தீர்களா, அதையும் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கினார்கள்.

தர்மபுரி மண்:
மகளிர் உரிமைத் தொகை விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் தர்மபுரி தொப்பூரில் தொடங்கினார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. 2022:
அக்கா சொல்வதில் பாதி சரி. ஆனால் சம்பளம் குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமூகப்பணி என்பது ஒரு படிப்பு. இரண்டு வருஷம் கேஸ் ஒர்க், குரூப் ஒர்க், களப்பயிற்சி எல்லாம் முடித்துவிட்டு நான் வருகிறேன். பக்கத்து நாற்காலியில் பிளஸ் டூ முடித்தவர் அதே பதவியில் இருக்கிறார். யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருக்கும்வரை சம்பளம் ஏறாது.

அஞ்செட்டி அக்கா:
தம்பி, அந்தப் பிளஸ் டூ நான்தான்.

ஒரு ராத்திரி சொல்கிறேன், கேளுங்கள். மணி ஒன்பதரை. மலை மேல் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் குழந்தை, ஒன்பதாவது படிக்கிறது, டீச்சர் போனில் பேசி "அக்கா, விடிஞ்சா கல்யாணம்" என்றது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னேன். ஸ்டேஷனுக்குச் சொன்னேன். ஜீப் வருகிற வரைக்கும் அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மழை தூறுகிறது. யானை நடமாடுகிற ரோடு. வண்டியில் பெட்ரோல் இல்லை. பெட்டிக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் 120 ரூபாய்க்கு வாங்கி ஊற்றிக்கொண்டு போனேன். பிள்ளையின் அப்பா என்னை அடிக்க வந்தார். அவள் அம்மா, ஒரு வார்த்தை பேசாமல், என் ஈரத் தலைக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். கல்யாணம் நின்றது.

மாதக் கடைசியில் அந்த 120 ரூபாயை எழுதினேன். பில் இல்லை என்று கணக்காளர் அடித்துவிட்டார். பெட்டிக்கடையில் யார் பில் கொடுப்பார்கள்? எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் புத்தகத்தில் இதற்குப் பாடம் இருந்தால் சொல்லுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. 2022:
மன்னிக்கணும் அக்கா, உங்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் கவுன்சலிங் கொடுக்க, குழந்தைகள் நலக் குழு முன்னால் அறிக்கை எழுத, படித்த ஆள்தான் வேண்டும்.

அஞ்செட்டி அக்கா:
அறிக்கையை எழுதியதும் நான்தான். மூன்று பக்கம், தமிழில்.

அரூர் செயலாளர்:
இந்த அம்மா எல்லா இடத்திலும் இப்படித்தான். போன வருஷம் முதியோர் இல்லம் பற்றிய விவாதத்திலும் என்னை இப்படியே விரட்டினார். நிறுவனம் நடத்துகிறவன் எல்லாம் திருடன் என்கிற எண்ணம். நிர்வாகச் செலவு 20 சதவீதம் என்று சட்டமே கையைக் கட்டிப் போட்டிருக்கும்போது களப்பணியாளருக்கு நான் எங்கிருந்து கூட்டிக் கொடுப்பது?

அஞ்செட்டி அக்கா:
திருடன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் 20 சதவீதத்தைக் காட்டி எங்களை மிரட்டாதீர்கள். நிறுவனத்தின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்யும் செலவு நிர்வாகச் செலவில் சேராது, மருத்துவமனை டாக்டர் சம்பளம், பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் எல்லாம் அதில் வராது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. ஊருக்குள் போய் வேலை செய்கிறவள் சம்பளம் மட்டும் எப்படி நிர்வாகம் ஆகும்? ஆபீஸ் ஏசி நிர்வாகம். என் எக்ஸ்எல் நிர்வாகம் இல்லை.

வவுச்சர் கதையும் சொல்லட்டுமா? நான் இருந்த ஓர் இடத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி 14,000-க்குக் கையெழுத்து வாங்குவார்கள். கையில் 11,500. மீதி "நிறுவனத்துக்கு உங்கள் நன்கொடை" என்பார்கள். ஒரு ரூபாய் ஸ்டாம்ப் மேல் பேனா ஓடும்போது கை கூசும். ஆறு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அரூர் செயலாளர்:
அது யாரோ செய்த தப்பு. அதற்கு நான் பொறுப்பா? என்னிடம் எல்லோருக்கும் வங்கிக் கணக்கில்தான் சம்பளம்.

அஞ்செட்டி அக்கா:
நல்லது ஐயா. அந்த வங்கிக் கணக்கில் 15,000 ஒரு வரியாகவும் 3,000 ஒரு வரியாகவும் வருகிறதா, 18,000 ஒரே வரியாக வருகிறதா?

ஓசூர் எச்.ஆர்.:
பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். பணமும் இப்படித்தான். லாபத்தில் இரண்டு சதவீதம் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கம் கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் அனுமதி. திட்டம் எழுதும்போதே களப்பணியாளர் சம்பளத்தையும் வண்டிச் செலவையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு. ஆளுக்கு ஆள் "நாங்கள் குறைந்த செலவில் செய்வோம்" என்று போட்டி போட்டுத் தொகையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

அரூர் செயலாளர்:
குறைத்துக் கொடுக்கவில்லை என்றால் சென்னையிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஓசூர் கம்பெனி அரூர்க்காரனைப் பார்க்கிறதா? எத்தனை முறை வாசலில் காத்திருந்திருக்கிறேன் தெரியுமா?

தர்மபுரி மண்:
அதைச் சொல்லுங்கள். கம்பெனி இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே செலவு பண்ணுகிறார்கள். எல்லாம் கிருஷ்ணகிரிக்கே போகிறது. பென்னாகரம் பக்கம் யார் வருகிறார்கள்?

மாங்கனி ஊர்:
கம்பெனியின் புகையும் எங்களுக்குத்தானே. பணம் மட்டும் உங்களுக்கு வேண்டுமா?

பாலக்கோடு தம்பி:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. தங்கைக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ.

அஞ்செட்டி அக்கா:
தம்பி, தங்கையைத் தைரியமாகப் போகச் சொல்லுங்கள். இந்த வேலையை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான் நிறுத்திய கல்யாணத்துப் பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறது, தீபாவளிக்குத் தவறாமல் போன் பண்ணுகிறது. ஆனால் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, நியமனக் கடிதத்தில் சம்பளமும் பெட்ரோலும் தனித்தனியாகப் போடுவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கடிதமே கிடையாது என்றால் எழுந்து வந்துவிடட்டும்.

எம்.எஸ்.டபிள்யூ. 2022:
முதல் கேள்வியாக அதைக் கேட்டால் வேலை கிடைக்காது அக்கா. அனுபவத்தில் சொல்கிறேன்.

அரூர் செயலாளர்:
உண்மை. என்னிடம் கேட்டால் நானும் எடுக்க மாட்டேன். வேலைக்கு வருமுன் காசைக் கேட்கிற பிள்ளை மலைக்கு நடந்து போகுமா?

அஞ்செட்டி அக்கா:
பார்த்தீர்களா, வாயாலேயே சொல்லிவிட்டார். நடந்து போகிற பிள்ளை வேண்டும் என்றால், விளம்பரத்தில் ஏன் ஐயா 'இருசக்கர வாகனம், ஓட்டுநர் உரிமம் கட்டாயம்' என்று போட்டீர்கள்? வண்டி அவள் வாங்க வேண்டும், தவணை அவள் கட்ட வேண்டும், பெட்ரோலை மட்டும் நீங்கள் சம்பளம் என்று எழுதிக்கொள்வீர்களா?

அரூர் செயலாளர்:
இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. நாளை ஆடிட்டர் வருகிறார்.

அஞ்செட்டி அக்கா:
ஆடிட்டரிடமும் இதையே கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அந்த 3,000 எந்தத் தலைப்பில் இருக்கிறது? நான் இங்கேதான் இருப்பேன்.

தர்மபுரி மண்:
மாங்கனி ஊர், 2004-க்கு முன்னால் நீங்கள் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் எந்த மாவட்டம் என்று போட்டிருக்கிறது?