பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்குள் நுழையும் வெள்ளையணுக்கள்: கெடுக்கின்றனவா, தேற்றுகின்றனவா?

பிப்பெட்பிடித்தவன் கேட்டது:
ரத்தக்குழாய் அடைப்பால் வரும் ஸ்ட்ரோக் பற்றி மட்டும்தான் கேட்கிறேன், ரத்தக்கசிவு வகை வேண்டாம். பழைய பாடப்புத்தகங்கள் 'அழற்சி வந்தால் சேதம் கூடும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இப்போது வரும் ஆய்வுக் கட்டுரைகளோ அதே செல்கள்தான் மூளையைத் தேற்றுகின்றன என்கின்றன. இரண்டும் எப்படிச் சரியாகும்? அழற்சிதான் வில்லன் என்றால் ஸ்டீராய்டு போட்டு அடக்கிவிடலாமே?

இன்னொன்று. சுண்டெலி மூளையை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு வகை பிரிக்கும் முறை) பார்த்தால், மூளையிலேயே வசிக்கும் நோயெதிர்ப்பு செல்லான மைக்ரோக்ளியாவும் ரத்தத்திலிருந்து வந்த, குப்பை விழுங்கும் மேக்ரோபேஜும் ஒரே திட்டாகக் கலந்து தெரிகின்றன. எங்கே தப்பு?

நரம்புமுடிச்சு:
எந்த செல் என்பதை விடுங்கள், எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்.

அடைப்பு விழுந்த சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வரத் தொடங்கும். 1 முதல் 3 நாளில் உச்சம். அது கொட்டும் எம்.எம்.பி-9 நொதி ரத்தக்குழாயின் அடிச்சவ்வை அரிக்கும். ரத்தத்தில் இருப்பது கண்டபடி மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு ஓட்டையாகி நீர் கோத்துக்கொள்ளும், சில சமயம் ரத்தமே கசியும். உங்கள் பாடப்புத்தகம் இந்தக் கட்டத்தோடு நின்றுவிட்டது.

3ஆம் நாள் வாக்கில் ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து கூடி, மேக்ரோபேஜாக மாறிக் குப்பை அள்ளத் தொடங்கும். செத்த செல்களிலிருந்து வழியும் எச்.எம்.ஜி.பி-1, பெராக்ஸிரெடாக்ஸின் போன்ற புரதங்கள்தான் அபாய மணியை அடித்துக்கொண்டே இருப்பவை. அவை கிடக்கும்வரை அழற்சி அணையாது. எம்.எஸ்.ஆர்-1 என்ற ஏற்பி வழியாக இவற்றை விழுங்கும் செல்களே, நரம்பு செல்லைத் தாங்கும் ஐ.ஜி.எஃப்-1ஐயும் சுரக்கின்றன என்று ஜப்பானியக் குழு ஒன்று 2017இல் காட்டியது. இரண்டாம் வாரம் வாக்கில், நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் டி-ரெக் செல்கள் திரளும். இவை ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தைச் சுரந்து, ஆஸ்ட்ரோசைட்டுகள் (நரம்பு செல்லுக்குத் துணைநிற்கும் செல்கள்) அளவுக்கு மீறிக் கிளர்வதை அடக்குகின்றன. இது டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு 2019இல் சுண்டெலியில் கண்டது.

நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்.எம்.பி-9ஐயே பாருங்கள். முதல் நாளில் தடுத்தால் சேதம் குறைகிறது. 7ஆம் நாளில் இந்த எம்.எம்.பி நொதிகளைத் தடுத்தபோது, 14ஆம் நாளில் எலிகளின் மூளைச் சேதம் அதிகமாயிருந்தது, நடமாட்டமும் மோசம். 2006இல் வந்த முடிவு இது. காரணம், சுவரை அரிக்கும் அதே கத்திரிதான் திசுவுக்குள் சிக்கிக் கிடக்கும், குழாய் வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப்-ஐ வெட்டி விடுவிக்கிறது. அது வெளிவராவிட்டால் புதுக் குழாய் முளைப்பது கஷ்டம்.

வார்டு_நம்பர்_ஏழு:
ஸ்டீராய்டு கேள்விக்கு மட்டும் பதில். சோதித்தாயிற்று, பலனில்லை. உயிரிழப்பும் குறையவில்லை, ஊனமும் குறையவில்லை. சர்க்கரை ஏறுகிறது, தொற்று வர வழி திறக்கிறது. மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கேட்பதைப் பார்த்துப் பழகிய கை இங்கேயும் அதைத் தேடும். ஆனால் அங்கே வீக்கம் குழாய்க் கசிவால் வருவது. இங்கே முதலில் வீங்குவது செல்லே. செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்ப் நின்றுபோய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அதற்கு ஸ்டீராய்டு ஒன்றும் செய்யாது.

குறிபார்த்து அடித்த மருந்துகளும் தோற்றிருக்கின்றன. நியூட்ரோபில் ஒட்டவிடாமல் தடுக்கும் என்லிமோமாப், 625 பேரிடம் சோதிக்கப்பட்டு 2001இல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். அது சுண்டெலி ஆன்டிபாடி. மனித உடலில் அதுவே எதிர்ப்பைக் கிளப்பியது என்பதுதான் பொதுவான விளக்கம்.

பலர் மறப்பது ஒன்று: ஸ்ட்ரோக் வந்த உடம்பு தானாகவே நோயெதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறது. முதல் சில நாட்களில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சரியும். விழுங்கும் திறனும் கெட்டிருந்தால் நிமோனியா வர வேறென்ன வேண்டும்? முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்விலும் மீட்சி மேம்படவில்லை. பலன் தந்தது சாதாரண வேலை. முதல் 72 மணி நேரம் காய்ச்சல் 37.5 டிகிரியைத் தொட்டாலே பாராசிட்டமால், சர்க்கரையை விடாமல் பார்ப்பது, விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாய்வழியாக எதுவும், மாத்திரைகூடக் கொடுக்காமலிருப்பது. ஆஸ்திரேலியாவில் நர்ஸ்களை வைத்து இதை ஒழுங்காகச் செய்த வார்டுகளில் 90ஆம் நாளில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற வார்டுகளில் 58.

ஐஸ்பெட்டி:
திட்டு கலப்பதற்கு வருகிறேன். முதலில் பெர்ஃப்யூஷன், அதாவது குழாய்களில் உள்ள ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுவது. இதயம் வழியாகக் குளிர்ந்த பி.பி.எஸ் உப்புக்கரைசல் 20-30 மில்லிலிட்டராவது போக வேண்டும். ஈரலைப் பாருங்கள்: சிவப்பு போய் வெளிறிய மணல் நிறம் வரும்வரை நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் குழாய்க்குள் தங்கிய ரத்த செல்லை மூளைக்குள் வந்த செல் என்று எண்ணிவிடுவீர்கள்.

செல்களை அடர்த்தியால் பிரிக்கும் பெர்கால் கரைசலில், 30 சதவீதத்துக்குக் கீழே 70 சதவீதத்தை அடுக்கி, சென்ட்ரிஃபியூஜில் பிரேக்கை அணைத்துவிட்டுச் சுற்றுங்கள். பிரேக் போட்டால் அடுக்கு கலங்கிவிடும். மேலே வெண்ணெய் மாதிரி மிதப்பது மயலின் (நரம்பிழையின் கொழுப்புறை), அதை முதலில் உறிஞ்சி எறியுங்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய புகைவளையம் போலத் தெரிவதுதான் உங்கள் செல்கள். அதை எடுத்ததும் குறைந்தது மூன்று மடங்கு பஃபர் ஊற்றித்தான் மறுபடி சுற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் பெர்கால் அடர்த்தியில் செல் கீழே படியாது, குழாயின் அடியில் ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கலக்கும். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களில் சி.டி.11பி இருந்து சி.டி.45 மிதமாக இருந்தால் மைக்ரோக்ளியா, அதிகமாக இருந்தால் வந்தேறி என்பது நல்ல மூளைக்குத்தான். அடிபட்ட மைக்ரோக்ளியா சி.டி.45ஐ ஏற்றிக்கொள்ளும். மைக்ரோக்ளியாவின் இன்னொரு அடையாளமான பி2ஆர்ஒய்12ஐச் சேர்க்கலாம் என்றால் கிளர்ந்த செல்லில் அது இறங்கிவிடும். உறுதியான வழி, சி.எக்ஸ்3.சி.ஆர்1 சார்ந்த க்ரீ சுண்டெலிக்கு (டமாக்ஸிஃபென் மருந்து கொடுத்ததும் மைக்ரோக்ளியாவும் மோனோசைட்டும் நிறமேறும்படி மரபணு மாற்றியது) டமாக்ஸிஃபென் கொடுத்து 4 வாரம் காத்திருப்பது. அதற்குள் ரத்த மோனோசைட்டுகள் புதுசாகிவிடும், நிறம் மைக்ரோக்ளியாவில் மட்டும் தங்கும். பிறகு ஸ்ட்ரோக் உண்டாக்குங்கள்.

பிப்பெட்பிடித்தவன்:
நன்றி. 7ஆம் நாளில் டி.டி.சி சாயம் போட்டுச் சேதத்தை அளக்கலாமா?

ஐஸ்பெட்டி:
வேண்டாம். டி.டி.சி சிவப்பது உயிருள்ள மைட்டோகாண்ட்ரியாவால். 24 மணி நேரத்தில் செத்த பகுதி வெள்ளையாகத் தெரியும். 7ஆம் நாளில் அங்கே மேக்ரோபேஜ் நிறைந்திருக்கும், அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவும் சிவக்கும். சேதம் சுருங்கிவிட்டதாக ஏமாறுவீர்கள். கிரெசில் வயலட் சாயம் போட்டு, நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுங்கள். அந்த நாளில் அடிபட்ட பக்கம் வற்றத் தொடங்கியிருக்கும் என்பதால் நேரடிப் பரப்பளவும் உதவாது.