அமிலாய்டு பீட்டா 42 கரைய மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

டர்பன் மாணவி:
வணக்கம். அல்சைமர் நோயோடு தொடர்புடைய பெப்டைடு (சின்னப் புரதத் துண்டு) இது, 1 மில்லிகிராம் குப்பி. தைப்பூசக் காவடி முடிந்த வாரம், டர்பன் புழுக்கம் தெரியுமே, உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறந்து 1 மில்லிலிட்டர் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல், பிஹெச் 7.4) ஊற்றினேன். பால் போலக் கலங்கியது. வோர்டெக்ஸில் (குலுக்கும் கருவி) வைத்தால் நுரையும் திப்பியும்தான். வேறொரு பெப்டைடுக்கு அசெடிக் அமிலம் கைகொடுத்த நினைப்பில் இதிலும் சில துளி விட்டேன், இருந்ததும் அடியில் படிந்துவிட்டது. மிச்சம் ஒரே குப்பி. மேற்பார்வையாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய பைப்பெட்:
தங்கச்சி, துளி விட்ட பிறகு பிஹெச் (அமில கார அளவு) பார்த்தீர்களா?

டர்பன் மாணவி:
பட்டையில் 5க்குக் கொஞ்சம் மேலே அண்ணா.

பழைய பைப்பெட்:
அதுதான். இந்தப் பெப்டைடில் எதிர்மின்சுமை தரும் அமினோ அமிலங்கள் ஆஸ்பார்டிக் 3, குளுடாமிக் 3. நேர்மின்சுமைப் பக்கம் முக்கியமாக லைசின் 2, ஆர்ஜினின் 1 மட்டும். பிஹெச் 7.4இல் நிகர மின்சுமை சுமார் மைனஸ் 3, ஓரளவாவது ஒன்றையொன்று தள்ளும். 5.3 வாக்கில் அது பூஜ்ஜியம், அப்புறம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அசெடிக் அமிலம் காரப் பெப்டைடுக்குத்தான் நல்லது. அடுத்த குப்பியை ஐஸில் வைத்து 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரையுங்கள், பிறகு பஃபர் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்).

கேப்டவுன் அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் பாதிதான். பிபிஎஸ்ஸிலேயே கலங்கியதே, அப்போது பிஹெச் 7.4தானே? உலர்ந்த தூளிலேயே சின்னச் சின்னக் கட்டிகள் விதை போல இருந்து மேலும் திரளத் தூண்டும், குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஈரம் வேறு இறங்கும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிடு. ஹெச்எஃப்ஐபி என்ற கரைப்பான் சுமார் 220 மைக்ரோலிட்டர் விட்டால் பழைய கட்டிகள் பிரியும். ஃபியூம் ஹூடில் (ஆவியை வெளியே இழுக்கும் அறை) மட்டும் செய், தோலை அரிக்கும். அது ஆவியாகி மிஞ்சும் படலத்தில் 44 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் விட்டால் சுமார் 5 மில்லிமோலார். டிஎம்எஸ்ஓவுக்குப் புதுப் புட்டி எடு, பழையது ஈரம் இழுத்திருக்கும். பிறகு குளிர்ந்த பஃபரில் கலந்து, 4 டிகிரியில் மையவிலக்கியில் 14,000 ஜியில் (புவியீர்ப்பின் 14,000 மடங்கு) 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை மட்டும் எடு. வோர்டெக்ஸ் வேண்டாம், நுரையின் மேற்பரப்பிலேயே திரளும். செறிவையும் அளந்துகொள், தூளின் எடையில் உப்பும் நீரும் சேர்ந்திருக்கும்.

டர்பன் மாணவி:
அக்கா, தெளிவாக வந்துவிட்டது! தையோஃப்ளேவின் டி (அமிலாய்டு நாரோடு ஒட்டினால் ஒளிரும் சாயம்) ஒளிர்வு முதலில் தட்டையாகக் கிடந்து, அப்புறம்தான் ஏறியது, அதாவது தொடக்கத்தில் நார் இல்லை. மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டேன், திட்டு கொஞ்சம்தான். படிந்துபோன பழைய குப்பியை, நார் இருந்தால் எப்படி ஒளிரும் என்று ஒப்பிடும் கட்டுப்பாட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா?

பழைய பைப்பெட்:
வேண்டாம் தங்கச்சி. பிஹெச் 5இல் விழுந்தது நாராக இல்லாமல் வெறும் கட்டியாகவும் இருக்கலாம், ஒளிராது. நல்ல குப்பியிலிருந்தே கொஞ்சம் எடுத்து 37 டிகிரியில் வைத்து நார் வளர்த்துக்கொள்ளுங்கள்.