செஞ்சியும் புதுச்சேரியும் ஒரே நாளில்: அந்த 45 நிமிடக் கதையை யாராவது நிறுத்துங்கள்

ஸ்டீயரிங் சாமி
நேற்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் ஒருவர் பயணத் திட்டம் போட்டார். காலை 5 மணிக்குத் தாம்பரத்தில் காரை எடுக்க வேண்டுமாம். செஞ்சிக் கோட்டை, மதியம் புதுச்சேரியில் மீன் சாப்பாடு, மாலை கடற்கரை, இ.சி.ஆர். பிடித்து இரவு 10 மணிக்கு வீடு. சரி, ஆசைப்படட்டும். நடுவில் ஒரு வரி: ‘செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏற 45 நிமிடம், குழந்தைகளோடு சுலபமாக ஏறலாம்.’ படித்ததும் என் முழங்கால் தானாக வலித்தது. போன மார்கழியில் ஏறியவன் சொல்கிறேன், எனக்கு 1 மணி 50 நிமிடம். கமலக்கண்ணி அம்மன் கோயில் தாண்டியதும் ஒரு படியில் உட்கார்ந்த என் மாமனார், “நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் இங்கயே கோட்டையக் காவல் காக்கிறேன்” என்றார். எட்டு வயதுப் பையன் உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும் பாலம் வரை வந்து அழுதான். 45 நிமிடமாம்.

திண்டிவனத்தான்
அந்தத் திட்டம் எழுதியவர் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் 45 நிமிடம் சரி. எனக்குச் செஞ்சி 28 கிலோமீட்டர். பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் போய் ஏறியவன். இதுவரை 23 தடவை. போன வருடம்கூட 45 நிமிடம்தான். சென்னைக்காரர்கள் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டு மலையைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்டீயரிங் சாமி
நான் மலையைக் குறை சொல்லவில்லை. 45 நிமிடத்தைச் சொல்கிறேன்.

பாண்டி மச்சான்
அவுரங்கசீப் அனுப்பிய ஜுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையைப் பிடிக்க எட்டு வருடம் அடிவாரத்தில் கிடந்தான். திண்டிவனத்தார் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடுகிறார். அன்றைக்கே இவரைக் கேட்டிருந்தால் சரித்திரம் மாறியிருக்கும்.

திண்டிவனத்தான்
அவனுக்கு மேலே மராட்டிய ராஜா ராஜாராமின் பீரங்கி. எனக்கு மேலே குரங்கு மட்டும்தான். ஒப்பிடுவதற்கும் ஒரு முறை வேண்டும் தம்பி.

வாசுகி
எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு நாங்கள் போவதாக இருக்கிறோம். ஒரு சந்தேகம். இந்த 45 நிமிடம் எங்கிருந்து எதுவரை? கார் நிறுத்தும் இடத்திலிருந்தா, டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்தா, படி தொடங்கும் இடத்திலிருந்தா? பாலம் வரையா, உச்சி வரையா? அத்தைக்கு 62 வயது, அதனால் கேட்கிறேன்.

திண்டிவனத்தான்
45 நிமிடம் என்றால் 45 நிமிடம். ராஜகிரி உயரமே 800 அடி. திருவண்ணாமலை மேல் தீபம் பார்க்க ஏறுகிறவர்களைக் கேளுங்கள், இதை மலை என்றே சொல்ல மாட்டார்கள்.

ஊர்சுற்றி77
800 அடியை மின்தூக்கி மாதிரி நேராகவா ஏறுகிறோம்? வளைந்து வளைந்து போகிறது. பல படிகள் பாறையிலேயே வெட்டியவை, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரற்கடை. வெயில் ஏறினால் பாறை தோசைக்கல். போன சித்திரையில் பத்தரை மணிக்குக் கையை ஊன்றினேன், தோல் சிவந்துவிட்டது. திண்டிவனத்தார் 45 நிமிடத்தில் ஏறியது எந்த மாதத்தில் என்று சொன்னால் நல்லது. வயது எத்தனையில் என்றும்.

திண்டிவனத்தான்
ஊர்சுற்றிக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுக்கு 18 என்று எழுதி, ஒவ்வொரு வளைவிலும் புலவர் பெயர்ப் பலகை இருக்கிறது ஐயா என்று நான் காட்டிய பிறகும் இரண்டு வாரம் சண்டை போட்டவர். எண்ணத் தெரியாதவர் நிமிடக் கணக்குப் பார்க்கிறார்.

ஊர்சுற்றி77
எதிர்பார்த்தேன். ஏலகிரி வந்துவிட்டது. நான்கு சிறிய வளைவுகளையும் சேர்த்து எண்ணினேன் என்று அன்றைக்கே விளக்கியாயிற்று. இங்கே பேச்சு 45 நிமிடம்.

உப்பளம்
மரக்காணத்துக்காரன் பேசுகிறேன். கார் எடுத்து ஒரு நாள் சுற்ற இத்தனை கஷ்டம் எதற்கு? இ.சி.ஆரில் கடப்பாக்கம் வந்து ஆலம்பரைக் கோட்டைக்குப் போங்கள். படியே கிடையாது. 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் போனது, 1760-இல் ஆங்கிலேயன் பிடித்து இடித்தான். இடிந்த செங்கல் சுவர், அந்தப் பக்கம் கழிமுகம், அதற்கப்பால் கடல். படகுக்காரரிடம் பேசினால் மணல் திட்டுக்குக் கொண்டுபோய் விடுவார். அப்புறம் மரக்காணத்தில் சாலையின் இரண்டு பக்கமும் உப்புக் குவியல், மேலே பனை ஓலை வேய்ந்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே ஓட்டினால் முக்கால் மணியில் பாண்டி.

ஸ்டீயரிங் சாமி
உப்பளம், உங்கள் முக்கால் மணியும் 45 நிமிடம்தானே? இந்த ஊர்ப் பக்கமே எல்லாவற்றுக்கும் ஒரே அளவா?

திண்டிவனத்தான்
ஆலம்பரையைக் கோட்டை என்று செஞ்சியோடு ஒரே மூச்சில் சொல்கிறார்கள். செஞ்சியின் மதில் சுற்றளவு 13 கிலோமீட்டர். மூன்று மலையை வளைத்துக் கட்டியது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது, 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் தொட முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ சும்மாவா பட்டியலில் சேர்த்தது? அந்தப் பாலத்தில் நின்று கடிகாரம் பார்த்திருக்கிறேன். 38 நிமிடம். மேலே 7 நிமிடம். கூட்டிப் பாருங்கள்.

பாண்டி மச்சான்
யுனெஸ்கோ பட்டியலில் அதன் பெயர் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள். மொத்தம் 12 கோட்டை, 11 மகாராஷ்டிரத்தில். நம் ஊர்க் கோட்டை வெளியூர்ப் பெயரில் போயிருக்கிறது. பெருமைப்படுகிறவர்கள் படட்டும்.

ஊர்சுற்றி77
சிவாஜி 1677-இல் பிடித்தார், மதிலை வலுப்படுத்தினார், சரி. கல்யாண மகாலும் களஞ்சியமும் நாயக்கர் காலம். அதற்கும் முன்னால் கோன் வம்சத்தார் கட்டியது என்று செஞ்சியில் டீக்கடைக்காரர் வரை சொல்வார்கள்.

திண்டிவனத்தான்
தேசிங்கு ராஜனை விட்டுவிட்டீர்கள். ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714-இல் களத்தில் செத்தபோது வயது 22. அந்தப் பையன் ஏறிய மலைக்குத்தான் இங்கே 1 மணி 50 நிமிடம் கணக்குச் சொல்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

ஸ்டீயரிங் சாமி
தேசிங்கு மாமனாரைக் கூட்டிக்கொண்டு ஏறவில்லை ஐயா. சோற்று மூட்டையும் தூக்கவில்லை. என் எலுமிச்சை சாதம் பாதி வழியிலேயே போய்விட்டது. குரங்கு பையைப் பறிக்கவில்லை, ஜிப்பைத் திறந்தது. டப்பாவை எடுத்தது, மூடியை ஒரு பக்கம் போட்டது, எங்கள் எதிரிலேயே மதில் மேல் உட்கார்ந்து சாப்பிட்டது. ஊறுகாயை மட்டும் தொடவில்லை.

உப்பளம்
ஆலம்பரையில் குரங்கு இல்லை. சொல்லி வைக்கிறேன்.

வாசுகி
குரங்கு விஷயம் தெரிந்துகொண்டேன், நன்றி. என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து எதுவரை?

பாண்டி மச்சான்
வாசுகி அக்கா, ஞாயிறு அமாவாசையா என்று முதலில் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குச் செஞ்சி வழியாகத்தான் பாதிப் பேர் போவார்கள். கார் நகராது. ஏறுகிற நேரத்தை அப்புறம் பார்க்கலாம். பாண்டிக்கு ஆறு மணிக்கு முன் வந்துவிட்டால் கடற்கரைச் சாலையை ஒருமுறை காரிலேயே சுற்றலாம், ஆறுக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். வண்டியை உள் தெருவில் போட்டுவிட்டு நடக்க வேண்டும். பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விலை குறைவு.

ஊர்சுற்றி77
பாண்டியில் கடற்கரை எங்கே இருக்கிறது? கருங்கல் குவியலைப் பார்க்க 150 கிலோமீட்டரா?

பாண்டி மச்சான்
ஊர்சுற்றி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது, சுற்ற வேண்டும். கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு தலைமைச் செயலகம் பக்கம் மணல் திரும்பி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. குழந்தைகள் காலை நனைக்கிறார்கள். கடைசியாக எப்போது வந்தீர்கள்?

ஊர்சுற்றி77
அந்த ஒரு துண்டு மணலைக் கடற்கரை என்று சொல்வதும் பெரிய மனசுதான்.

திண்டிவனத்தான்
பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். 45 நிமிடம் முடியாது என்கிறவர்கள் எத்தனை தடவை ஏறினார்கள்? சாமி ஒரு தடவை. அதுவும் மாமனாரோடு. ஊர்சுற்றி சித்திரை வெயிலில் பத்தரைக்கு நின்றிருக்கிறார், அந்த நேரத்தில் எவனாவது ஏறுவானா? உப்பளம் ஏறவே இல்லை. பாண்டி மச்சான் பெட்ரோல் விலை சொல்கிறார். நான் 23 தடவை. மார்கழியில், பங்குனியில், மழையில், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரியோடு. அவளுக்கே 50 நிமிடம்தான் ஆனது.

ஸ்டீயரிங் சாமி
பார்த்தீர்களா! 50 வந்துவிட்டது!

திண்டிவனத்தான்
அவள் அம்மன் கோயிலில் விளக்கேற்றினாள். அந்த 5 நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். 45.

ஊர்சுற்றி77
அப்படியானால் அந்தக் கோயில் வாசலில் நின்ற நேரம் 45-இல் சேராதா? சேராது என்றால் தண்ணீர் குடித்த நேரம், மூச்சு வாங்கிய நேரம், பாலத்தில் நின்று கடிகாரம் பார்த்த நேரம் எல்லாம் கழித்துத்தான் இந்த 45-ஆ?

திண்டிவனத்தான்
14-ஐ 18 என்று எண்ணியவருக்குக் கழித்தல் கணக்கு நான் சொல்லித்தர முடியாது.

உப்பளம்
இறங்குகிற நேரத்தை யாருமே சொல்லவில்லை. என் மச்சினன் இறங்கும்போது தொடை நடுங்கி, அடிவாரத்தில் கிளட்சை மிதிக்க முடியாமல் அரை மணி நேரம் காரில் சாய்ந்து கிடந்தான். அதற்கப்புறம் பாண்டி வரை 70 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ராத்திரி இ.சி.ஆரில் நடுரோட்டில் மாடு படுத்திருக்கும். இதை எவன் திட்டத்தில் எழுதுகிறான்?

திண்டிவனத்தான்
எங்கள் ஊர் மாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரியும். இறங்க 30 நிமிடம்.

ஸ்டீயரிங் சாமி
ஒரே ஒரு படம் போடுங்கள் ஐயா. கீழே படியில் நின்று கடிகாரத்தோடு ஒன்று, மேலே ரங்கநாதர் கோயிலில் நின்று கடிகாரத்தோடு ஒன்று. ஒரே நாளில். நான் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்.

திண்டிவனத்தான்
நான் ஏறுவது உங்களுக்கு நிரூபிக்க இல்லை. வேண்டுமானால் ஞாயிறு வாருங்கள், கூட ஏறுங்கள். காலை டிக்கெட் கொடுக்கத் தொடங்கும்போது நிற்பேன்.

ஸ்டீயரிங் சாமி
ஞாயிறு எனக்குக் கல்யாணம் இருக்கிறது, மண்டபம் மதுராந்தகத்தில்.

திண்டிவனத்தான்
தெரியும். எல்லோருக்கும் ஞாயிறு கல்யாணம் வந்துவிடும்.

வாசுகி
நாங்கள் ஞாயிறு வருகிறோம் ஐயா. காலண்டர் பார்த்துவிட்டேன், அமாவாசை இல்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்தா, படியிலிருந்தா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஊர்சுற்றி77
இன்னொன்று, கொல்லிமலையில் 70 வளைவு என்கிறார்களே, அதையும் திண்டிவனத்தார் எண்ணிப் பார்த்தாரா?

திண்டிவனத்தான்
எண்ணினேன். 70. அங்கேயும் 45 நிமிடம்தான்.